முப்பத்து மூன்றா, நாற்பத்தைந்தா?

அத்தியாயம் பதினொன்று

பாட்டே கேட்காத ஒரு வீட்டோடு சம்பந்தம் செய்வதா என்ற கவலையில் கண்ணாடியம்மாவுக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வாரம் பூங்காவில் நடந்தது அப்படி. லிஃப்ட் பழுது பார்க்கிற மகன், தான் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணையும் அவள் அம்மாவையும் அழைத்துவந்து அறிமுகம் செய்தான். பெண் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். பார்த்த மாத்திரத்தில் கண்ணாடியம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. அவளுடைய அம்மா குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் நீச்சல் டீச்சர்தான். அந்த டீச்சரிடம் கண்ணாடியம்மா, உலகத்தில் தனக்கு முக்கியமான ஒரே கேள்வியைக் கேட்டாள். என்ன பாட்டு கேட்பீர்கள்?

"பாட்டா? நான் அந்தப் பக்கமே போறதில்ல" என்றார் டீச்சர். அதோடு பேச்சு வெயிலுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாலை நாலு மணிக்கு அம்மாவும் பெண்ணும் வீட்டுக்கு வருகிறார்கள். ஆறு மணிக்கு இன்னொரு கூட்டம் வருகிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் முன் கண்ணாடியம்மாவின் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

அவள் நடத்துவது மூக்குக் கண்ணாடிக் கடை. இருபத்தாறு வருடமாக ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு லென்ஸை எடுத்து இன்னொரு லென்ஸைப் போட்டு, "இது தெளிவா, அதுவா?" என்று கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி நாக்கிலேயே தங்கிவிட்டது. காய்கறிக் கடையில் இரண்டு தக்காளியைத் தூக்கிப் பிடித்தும் அப்படித்தான் கேட்பாள். கடையை விட்டால் இசைத்தட்டு. முன்னறையின் மூன்று சுவரும் தட்டுகள். நாலாவது சுவர் ஜன்னலின் புண்ணியத்தில் தப்பித்தது. கணவர் நிலம் அளக்கிற சர்வேயர். தன் சொந்த வீட்டில் தனக்கு எவ்வளவு மிச்சம் என்று ஒருமுறை டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, விடையை மனதோடு வைத்துக்கொண்டார்.

அத்தனை தட்டு இருந்தும் அவள் உயிர் இருந்தது ஒன்றில்தான். 'மூன்று நாற்காலிகள்' என்று ஒரு குழு. ஒரே ஒரு தட்டு போட்டார்கள், காணாமல் போனார்கள். உறையில் மூன்று காலி நாற்காலிகளின் படம். பெயர் இல்லை, முகம் இல்லை. நடுவில் ஒட்டியிருந்த லேபிள்கூட வெறும் வெள்ளை. ஒரு வானொலி நிலையம் கழித்துக் கட்டிய பெட்டிக்குள் அது கிடைத்தது. அவளுடைய அம்மா இறந்த மாதம் அது. அன்றுவரை கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தாள். ஓர் ஆண் குரல், ஒவ்வொரு சொல்லையும் கீழே இறக்கிவைக்க மனமில்லாததுபோல், அவ்வளவு மெதுவாகப் பாடியது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் அந்த மனிதர் தாங்க முடியாமல் ஒருமுறை விம்மினார். கூடவே கண்ணாடியம்மாவும் விம்மினாள். அன்றைக்குத்தான் அவள் அம்மாவுக்காக முதல்முறை அழுதாள்.

பைத்தியம் என்பது ஒட்டுவாரொட்டி. அவள் அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். பதினொரு பேர் சிக்கினார்கள். 'நிதானம்' என்று சங்கத்துக்குப் பெயர் வைத்து ஞாயிறுதோறும் கூடினார்கள். அந்தப் பகுதித் தபால்காரர் செயலாளர். கடைசிப் பாட்டின் நடுவில் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். அது கதவா, மணியா, விதியா என்று நாலு வருடம் வாதாடியிருக்கிறார்கள். இன்றைக்குச் சங்கத்துக்குப் பதினைந்து வயது நிறைகிறது. கண்ணாடியம்மா எழுதிய 'அவசரமில்லாத குரல்' என்கிற கட்டுரை சிறு புத்தகமாக அச்சாகி, நூறு பிரதி மூலையில் அடுக்கியிருக்கிறது. பாடியவர் மனைவியைப் பறிகொடுத்தவர் என்று அதன் மூன்றாம் பகுதியில் பதினான்கு ஆதாரங்களோடு நிறுவியிருந்தாள். விம்மல் பதினான்காவது ஆதாரம்.

மகன் காலையிலேயே இரண்டு நிபந்தனை போட்டான். அவர்கள் கிளம்பும்வரை ரெக்கார்ட் பிளேயரைத் தொடக் கூடாது. பெண்ணின் அப்பாவைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. அவளுக்கு இரண்டு வயதில் வீட்டை விட்டுப் போனவர். டீச்சர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, மகளும் கேட்பதை விட்டுவிட்டாள். இரண்டுக்கும் கண்ணாடியம்மா தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளுக்கு என்றைக்கும் சிரமம் இருந்ததில்லை.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். டீச்சருக்குத் தலைமுடி இன்னும் ஈரம். கழுத்தில் விசில் அப்படியே தொங்கியது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது. சர்வேயர் மழையைப் பற்றிப் பேசினார். டீச்சர் குளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசினார். இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போயிற்று. கண்ணாடியம்மா மட்டும் பரீட்சைக்கு வந்தவளைப் போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சு ஓய்ந்த ஒரு நிமிடத்தில் டீச்சர் சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இத்தனையும் நிஜமாகவே கேட்பீர்களா என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தார்.

அவ்வளவு போதும். மகன் இருமினான். சர்வேயர் கண்ணைக் காட்டினார். ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு நிமிடம் என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியம்மா எழுந்துபோய், தட்டைத் துடைத்து, முள்ளைக் கடைசிப் பாட்டில் வைத்துவிட்டாள்.

குரல் எழுந்தது. டீச்சரின் கையில் டீக் கோப்பை பாதி வழியில் நின்றது. அவர் முகம் சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. 'டங்' என்ற சத்தம் வந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"நிறுத்துங்க" என்றார்.

கண்ணாடியம்மா முள்ளைத் தூக்கினாள். கல்யாணம் போயிற்று என்று மகன் முகத்தில் எழுதியிருந்தது.

"இது ஏன் இவ்வளவு மெதுவா போகுது?" என்று டீச்சர் கேட்டார்.

இந்தக் கேள்வியைப் பத்து வருடத்துக்கு முன் தபால்காரர் ஒருமுறை கேட்டிருக்கிறார். அன்று கண்ணாடியம்மா கொடுத்த விளக்கத்துக்குப் பிறகு அவர் எந்தக் கேள்வியுமே கேட்டதில்லை. அதே விளக்கம் இப்போது டீச்சருக்கும் கிடைத்தது. அது நிதானம், உலகத்தின் அவசரத்துக்கு ஒரு மனிதர் சொன்ன பதில், மனைவியை இழந்தவருடைய மூச்சு அப்படித்தான் இருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். புத்தகத்தில் ஒன்றை எடுத்து டீச்சர் மடியிலும் வைத்தாள்.

டீச்சர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அவருக்குப் பொண்டாட்டியெல்லாம் கிடையாதுங்க. அப்போ வயசு இருபத்திரண்டு. பொண்ணு. அது நான்தான்."

ஆம்புலன்ஸ்காரி பிஸ்கட்டைக் கடித்த வாயோடு அம்மாவைப் பார்த்தாள். இருபத்தேழு வருடத்தில் அம்மா பாடி ஒரு வரி கேட்டவள் இல்லை அவள்.

கண்ணாடியம்மா நம்பவில்லை. அது ஆண் குரல், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றாள். டீச்சர் அதற்குப் பதில் சொல்லாமல், அந்த 'டங்' ஒரு பிஸ்கட் டப்பா என்றார். டிரம்ஸோடு சேர்த்துத் தட்டுவதற்காக வைத்திருந்த தகர டப்பா, பாட்டின் நடுவில் கைதவறி விழுந்துவிட்டது. உறையில் ஏன் காலி நாற்காலி என்றால், படம் பிடிக்க வந்தவர் இவர்கள் போய்ச் சேருவதற்குள் நாற்காலிகளை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சங்கம் நாலு வருடம் வாதாடியது இரண்டு வரியில் தீர்ந்துபோனது.

பிறகு டீச்சர் எழுந்துபோய் ரெக்கார்ட் பிளேயரின் ஓரத்தில் இருந்த சின்ன நெம்புகோலைத் தொட்டுக் காட்டினார்.

"இது நாப்பத்தஞ்சுல ஓடணும். நீங்க முப்பத்து மூணுல ஓட்டறீங்க."

இசைத்தட்டு வைத்திருக்கிற யாருக்கும் தெரியும், பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று என்கிற மெதுவான சுற்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து என்கிற வேகச் சுற்று. பெரிய தட்டிலேயே வேகச் சுற்றுக்குப் பதிந்தவை அபூர்வம். அதுவும் தெரிந்தவள்தான் கண்ணாடியம்மா. ஆனால் லேபிள் வெள்ளை. முதல்முறை கேட்டபோதே அழுதுவிட்டாள். அழவைத்த பாட்டின் வேகத்தை யார் சந்தேகப்படுவார்கள்? அவள் பதிந்து கொடுத்ததைத்தான் பதினொரு பேரும் கேட்டார்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பதினைந்து வருடம் ஓட்டியாகிவிட்டது.

டீச்சர் நெம்புகோலைத் தள்ளி முள்ளை வைத்தார். ஒரு சின்னப் பெண் துள்ளிக்கொண்டு வந்தாள். கிடார் ஓடியது, தாளம் அவளைத் துரத்தியது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் காலுக்குக் கீழே ஏதோ குறுகுறுத்தது. கண்ணாடியம்மா மட்டும் பாதிப் பாட்டில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். வெட்கம் ஒரு பக்கம். நூறு பிரதி, பதினான்கு ஆதாரம், சங்கத்தின் பெயரே நிதானம். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அம்மா போனபோது கூட இருந்தவர் அந்த மெதுவான மனிதர் ஒருவர்தான். அவர் இல்லவே இல்லை என்று இப்போது சொல்கிறார்கள்.

டீச்சர் வாசற்படிவரை வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தட்டெல்லாம் குடோன்ல தண்ணி புகுந்து போயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார். "ஒருத்தர் காதுலயும் விழலைன்னு நினைச்சேன். அதான் பாட்டு பக்கமே போகாம இருந்தேன். பதினஞ்சு வருஷமா பதினொரு பேர் உக்காந்து கேட்டிருக்கீங்க. எப்படிக் கேட்டா என்ன, எனக்கு அது போதும். நான் கிளம்பறேன். நீங்க பழையபடியே போடுங்க, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மைதான் கண்ணாடியம்மாவைக் குத்தியது. முப்பத்திரண்டு வருடம் கழித்துத் தன் பாட்டைக் கண்டுபிடித்த பெண், அதைத் திரும்பவும் இவளுக்காக விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறாள்.

சர்வேயர் உள்ளே வந்து துண்டை நீட்டினார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "இந்தா பாரு. மேப்புல ஆறு தப்பா இருந்தா, ஆத்தை நகர்த்த முடியாது. மேப்பைத்தான் அழிக்கணும்" என்றார்.

"அழிச்சு அழிச்சு வரைஞ்சது நான்தானே" என்றாள் அவள்.

"அதான் உன் கையால அழிக்கணும்."

அழைப்பு மணி அடித்தது. மணி ஆறு. வாசலில் பதினொரு ஜோடிச் செருப்பு கழற்றப்படும் சத்தம் கேட்டது. கண்ணாடியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பையோடு நின்ற டீச்சரின் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். ஆம்புலன்ஸ்காரி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கிய நாற்காலியிலெல்லாம் சங்கம் நிறைந்தது. கட்டுரையைக் கேட்கத் தயாராகத் தபால்காரர் பேனாவைத் திறந்தார்.

கட்டுரையை அவள் தொடவில்லை. இன்றைக்கு வாசிப்பு இல்லை, கண் பரிசோதனைதான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் முப்பத்து மூன்றில் போட்டாள். வழக்கம்போல் பதினொரு ஜோடிக் கண்ணும் மூடின, பதினொரு தலையும் அசைந்தன. ஒரு நிமிடம் ஓடவிட்டாள். அவளும் கடைசியாக ஒருமுறை அந்த மனிதரைக் கேட்டுக்கொண்டாள். பிறகு முள்ளைத் தூக்கி, நெம்புகோலைத் தள்ளி, பாட்டை முதலிலிருந்து வைத்தாள்.

பதினொரு ஜோடிக் கண்ணும் திறந்துகொண்டன. வாய்க்குள் ஈ போனாலும் தெரிந்திருக்காது.

"இது தெளிவா, அதுவா?" என்று கண்ணாடியம்மா கேட்டாள். தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. தப்பு தன்னுடையது என்றும், வேகத்தைத் தவறாக வைத்தது தான்தான் என்றும், பாடியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பத்து வருடத்துக்கு முன் செயலாளர் சரியாகத்தான் கேட்டார், வாயை அடைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

தபால்காரர் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவருடைய வலது கால் தாளம் போட ஆரம்பித்திருந்தது. தினமும் அத்தனை தெருவும் நடந்து களைத்த கால் அது. பிறகு இடது காலும் சேர்ந்துகொண்டது. அப்புறம் மனிதரே எழுந்துவிட்டார். மோசமாக ஆடினார். ஆனால் மனதார ஆடினார். அவரைப் பார்த்துச் சங்கத்தின் பல் டாக்டர் எழுந்தார். ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாள் மட்டும் தனக்கு மெதுவானதுதான் பிடித்திருக்கிறது, சாகும்வரை அதைத்தான் கேட்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். மகன் ஆடினான். சர்வேயர் ஓரமாக நின்று, தனக்கு அளந்துவைத்த இடத்துக்குள் ஆடினார்.

டீச்சர் ஆடவில்லை. முதலில் உதடு அசைந்தது. அடுத்த வரியில் குரல் வந்தது. குளத்தின் அந்தக் கரையில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கிற நுரையீரல் அது. இருபத்திரண்டு வயதுக் குரலும் ஐம்பத்து நாலு வயதுக் குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அறையை நிறைத்தன. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, அவர் துடைக்கவே இல்லை. ஆம்புலன்ஸ்காரி இமைக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிகிற இடம் வந்தது. கண்ணாடியம்மாவுக்கு அந்த இடம் நெருங்குவது உடம்பிலேயே தெரியும். பழக்க தோஷத்தில் முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டாள். விம்மலுக்குக் காத்திருந்தாள்.

விம்மல் வரவில்லை. அது ஒரு சிரிப்பு. பாதிப் பாட்டாக அடக்கிவைத்து, கடைசி வரி முடிந்ததும் பொத்திய கையை மீறிக்கொண்டு வெடித்த ஒரு பெண்ணின் சிரிப்பு.

பதினைந்து வருடமாக இந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவள் அழுதிருக்கிறாள். அதை நினைத்ததும் கண்ணாடியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டு எப்படிச் சிரித்திருப்பாள் என்று நினைத்தபோது இன்னும் சிரித்தாள். அந்த மெதுவான மனிதர் எங்கும் போய்விடவில்லை, இந்தப் பெண்ணுக்குள்ளேதான் இவ்வளவு நாள் இருந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

சங்கம் டீச்சரைச் சூழ்ந்துகொண்டது. உறையை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். தபால்காரர் பத்து வருடமாகச் சேர்த்துவைத்த கேள்விகளை வரிசையாக எடுத்துவிட்டார். டீச்சர் சளைக்காமல் பதில் சொன்னார். ஆமாம், இரண்டாவதாக ஒரு தட்டும் பதிந்தார்கள். வெளியே வரவில்லை. ஆனால் ஒரே ஒரு பிரதி இருக்கிறது.

அவ்வளவுதான், கண்ணாடியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு தட்டு இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் மகனும் மறந்துபோனான், நிபந்தனையும் மறந்துபோயிற்று. தெரிந்து கேட்டாள் என்றும் சொல்ல முடியாது. எதையோ கேட்கப்போய் எதிலோ கால்வைத்தாள்.

"யாருங்க உங்களை அப்படிச் சிரிக்க வச்சது?" என்று கேட்டாள்.

டீச்சர் இன்னும் பாட்டுக்குள்ளேயே இருந்தார். "டிரம்ஸ் வாசிச்சவரு. டப்பாவைக் கீழே போட்டுட்டு, திருடன் மாதிரி ஒரு முழி முழிச்சாரு பாருங்க. இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ரெண்டாவது தட்டும் அவர்கிட்டதான்" என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார்.

தபால்காரர் பேனாவை மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரி எழுந்தாள். எந்த நெரிசலிலும் வண்டியை நிதானமாகக் கொண்டுபோகிற பெண் அவள். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"அப்பாவாம்மா?" என்று கேட்டாள்.

டீச்சர் தலையசைத்தார். விசிலை இறுக்கிப் பிடித்திருந்த கையில் நரம்பு தெரிந்தது.

அந்தப் பெண் சுழன்றுகொண்டிருந்த தட்டின் பக்கத்தில் வந்து நின்றாள். வந்ததிலிருந்து கண்ணாடியம்மாவை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை போடுங்க அத்தை" என்றாள்.

கண்ணாடியம்மா நெம்புகோலை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, முள்ளை வைத்தாள்.